நின்றுபோன பில்லிலிருந்து தொடங்கும் பாடம்: சென்னைக் கல்லூரிக்கான ஒரு பிபிஎம் தாள், ஒரு நிகழ்வு ஆய்வு

தரமணி, பெருங்குடி, காரப்பாக்கம், சிறுசேரி. இந்தப் பக்கம் அம்பத்தூர், மணப்பாக்கம். பி.காம், பிபிஏ முடித்த பிள்ளைகளைச் சென்னையில் கொத்தாக வேலைக்கு எடுக்கும் பின்புல அலுவலகங்கள் இங்கேதான் இருக்கின்றன. சப்ளையர் பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது, சம்பளக் கணக்கு, வங்கிகளுக்கான கேஒய்சி, அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டு க்ளெய்ம் என்று வேலை பலவகை. இதே ஊர்க் கல்லூரிகளில் வணிகச் செயல்முறை மேலாண்மை, அதாவது பிபிஎம், ஒரு தாளாக நடத்தப்படுகிறது. அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவரையும் நிறுவனம் முதல் நாளிலிருந்து திரும்பப் பயிற்றுவிக்கிறது. ஏன் என்று கேட்டால் 'கம்யூனிகேஷன் போதாது' என்ற பதில் வரும். அது பாதிப் பதில்கூட இல்லை.

தாள் சொல்லித் தருவது ஒரு பில் எப்படிப் போக வேண்டும் என்பதை. நிறுவனம் சம்பளம் கொடுப்பது போகாமல் நின்ற பில்லுக்காக. ஒழுங்கான பில்லை மென்பொருளே படித்து, ஒப்பிட்டு, பதிவு செய்து அனுப்பிவிடுகிறது. மனிதர் கைக்கு வருவது அங்கே சிக்கியது மட்டும்.

இந்த ஆய்வு குறிப்பிட்ட ஒரு கல்லூரியைப் பற்றியதல்ல. மூன்றாம் ஆண்டு பி.காம், 60 மணி நேரம், உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்ற வழக்கமான அமைப்பை எடுத்துக்கொண்டு, அக்கவுண்ட்ஸ் பேயபிள், அதாவது சப்ளையர் பில்லுக்குப் பணம் கொடுக்கும் வேலையோடு அதைப் பொருத்திப் பார்க்கிறது. பில் எண்ணிக்கையும் நிமிடக் கணக்கும் வகுப்புப் பயிற்சிக்காக அமைத்தவை. சட்ட விதிகள் உள்ளபடியே.

ஒரு பில்

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள சிறு பட்டறைக்கு 500 உதிரி பாகங்களுக்கு பிஓ (கொள்முதல் ஆணை) போடுகிறது. ஒன்று ₹240. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ₹1,41,600. சரக்கு 2025 ஜூன் 3 அன்று இறங்குகிறது. தரச் சோதனையில் 20 கழிகிறது. 480-க்குத்தான் ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போடுகிறார்கள். பட்டறை அனுப்பிய பில்லோ 500-க்கு. 480-க்கு வரவேண்டியது ₹1,35,936. வித்தியாசம் ₹5,664.

பிஓ, ஜிஆர்என், பில் மூன்றையும் ஒப்பிடுவதுதான் மும்முனைப் பொருத்தம். பாடப்புத்தகம் இந்த இடத்தில் 'பொருந்தாவிட்டால் நிறுத்தி வைக்கப்படும்' என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். பெருங்குடியில் உட்கார்ந்திருக்கும் அசோசியேட்டுக்கு வேலை அங்கேதான் ஆரம்பம். எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில், பில் பதியும் மைரோ திரையில் அதைப் பதிந்ததும் 'ஆர்' என்ற பேமெண்ட் பிளாக், அதாவது பணம் போகாமல் நிறுத்தும் குறி, விழுந்திருக்கும். அதை எடுப்பதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் வேண்டும்.

முதலாவது, அந்த 20-க்கு மாற்றுச் சரக்கு வருமா, பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் வருமா? இது கொள்முதல் பிரிவில் பையர் சொல்ல வேண்டியது, அசோசியேட் ஊகிக்க வேண்டியதல்ல. இரண்டாவது, வரி: கைக்கு வராத சரக்குக்கு உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, சிஜிஎஸ்டி சட்டம் 16(2) சரக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. மாற்றுச் சரக்கு வராதென்றால் 34-ஆம் பிரிவின்படி சப்ளையர் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பட்டறை உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற சிறு நிறுவனமா? நான்காவது, ஆம் என்றால் பணம் கொடுக்கக் கெடு எப்போது?

கடைசிக் கேள்வியில்தான் வகுப்பறை முழுதாகத் தடுமாறும். எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம், 2006, 15-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. வெண்டர் மாஸ்டரில் (சப்ளையர் விவரப் பதிவேட்டில்) 60 நாள் என்று பதிவாகியிருந்தால் கணினி ஆகஸ்ட் 2 வரை 'இன்னும் நாள் வரவில்லை' என்றே காட்டும். சட்டக் கணக்கில் கெடு ஜூலை 18. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) வந்த பிறகு இன்னொரு சுமையும் சேர்ந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. சரக்கில் குறை என்றால் வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஜூன் 18-க்குள் மெயில் போயாக வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. பில் ஜூன் 5 அன்று வந்தது, 6 அன்று பிளாக் ஆகி அன்றே பையருக்குக் கேள்வி போனது, அவர் 16 அன்று பதில் போட்டார் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் இரண்டே நாள். 17 அன்று பட்டறைக்கு ஆட்சேப மெயில், 24 அன்று கிரெடிட் நோட், 25 அன்று பிளாக் எடுக்கப்படுகிறது. ஆட்சேபம் தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று வாதிடலாம். ஆனாலும் ஏற்றுக்கொண்ட 480-க்கு ஜூன் 3-லிருந்தே எண்ணி ஜூலை 18-க்குள் பணத்தைத் தள்ளிவிடுவதே பாதுகாப்பு.

இத்தனைக்கும் கை வைத்து வேலை செய்த நேரம் அரை மணிகூட இருக்காது. காத்திருந்ததோ வாரக்கணக்கு. செயல்முறை மேலாண்மை என்ற பாடத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு பில்லில் கிடக்கிறது.

இப்போதுள்ள தாளில் என்ன குறை

வழக்கமான பாடத்திட்டம் ஐந்து அலகு, அலகுக்கு 12 மணி: அறிமுகம், வரைபடம், பகுப்பாய்வு, மறுவடிவமைப்பு, அண்மைப் போக்குகள். பட்டியலில் பிழை சொல்ல முடியாது. பிழை கேள்வித்தாளில். 'பிபிஎம் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக' என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்கும் வரை ஆசிரியர் அதைத்தான் நடத்துவார், மாணவர் அதைத்தான் மனப்பாடம் செய்வார். பாடத்திட்டத்தை மாற்றிவிட்டுக் கேள்வித்தாளை அப்படியே விடுவது, சென்னையில் பெரும்பாலான திருத்தங்கள் நீர்த்துப்போகும் வழி.

வரைபடப் பகுதியில் வேறொரு கோணல். செயல்முறையைப் படமாக வரைவதற்கான பிபிஎம்என் 2.0 குறியீடு 2011-ல் வெளியானது, 2013-ல் ஐஎஸ்ஓ தரமானது. அதன் நிகழ்வுக் குறியீடுகள் அத்தனையையும் அட்டவணையாகப் போட்டு ஒப்பிக்க வைக்கிறார்கள். தொடக்க நிலை அசோசியேட் படம் வரைவதே அபூர்வம். எஸ்ஓபி-யை (வேலைச் செய்முறைக் குறிப்பை) படித்து நடக்கிறார். வரையும் இடத்துக்கு அவர் இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் போவார். ஆகவே பூல் (நிறுவனம்), லேன் (அதற்குள் ஒரு பிரிவு அல்லது ஆள்), டாஸ்க் (வேலை), இரண்டு வகை கேட்வே (வழி பிரியும் இடம்), தொடக்கம், முடிவு, செய்தி, டைமர் ஆகியவை போதும். இவற்றில் டைமரைத்தான் அழுத்திச் சொல்லித்தர வேண்டும். மாணவர் வரையும் படத்தில் 'சரியா?' என்று ஒரு வைரம், 'இல்லை' என்றால் முடிவு வட்டம். நிஜத்தில் 'இல்லை' என்ற கோடு ஓரிடத்தில் காத்திருக்கிறது: பையர் பதில் வந்தால் ஒரு வழி, நாள் தாண்டினால் எஸ்கலேஷன் (மேலதிகாரியிடம் கொண்டுபோவது) என்று இன்னொரு வழி. மேலே சொன்ன ஜூன் 18 படத்தில் இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பயனில்லாத படம்.

60 மணியை எப்படிப் பிரிப்பது

முதல் 10 மணி தாள்களோடு: பிஓ, ஜிஆர்என், பில், கிரெடிட் நோட், வெண்டர் மாஸ்டர் ஆகியவற்றை அச்செடுத்து மேசையில் பரப்பி, கையால் ஒப்பிடுவது. கணினி வேண்டாம். வரைபடத்துக்கு 8 மணி. உலாவியிலேயே ஓடும் இலவச பிபிஎம்என் வரைகருவிகள் போதும். நிகழ்வுப் பதிவைப் பிரித்து மேய 14 மணி. மெயிலுக்கும் போனுக்கும் 10. தன்னியக்கமும் விதிகளும் 8. அளவீடு 6. மீதி 4 மணி, நிறுவனத்திலிருந்து வரும் ஒருவர் மாணவர் வேலையைத் திருத்த.

நிகழ்வுப் பதிவுதான் நெஞ்சு. ஒரு பில் எந்தெந்த வேலையாக, எந்த நேரத்தில், யார் கையில் நகர்ந்தது என்ற பட்டியல் அது. பில் எண், செயல், நேரம், ஆள் என நாலு பத்தி இருந்தால் போதும். நிறுவனத்தின் உண்மைத் தரவு கிடைக்காது. பெயரை அழித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் ஒப்பந்தம் அதற்கு இடம் தராது, தந்தவர் வேலைக்கு ஆபத்து. துறையில் இருக்கும் முன்னாள் மாணவர் இருவர் சேர்ந்து செயற்கையாக உருவாக்குவதே வழி. 300 பில், பில்லுக்கு ஆறேழு செயல், மொத்தம் 2,000 வரிசை சுமாராக. அதில் 180 ஒழுங்கானவை. 45-ல் எண்ணிக்கை பொருந்தாது, 30-ல் விலை பொருந்தாது, 20 இரட்டை பில், 15-க்கு பிஓ கிடையாது, 10-ல் ஜிஎஸ்டி எண் தவறு.

இதை உருவாக்கும்போது கெடும் இடங்கள் தெரிந்தவைதான். எல்லா இடைவெளியும் ஒரே சீராக இருந்தால் மாணவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது. சனி, ஞாயிறு இடைவெளியும் மாதக்கடைசி நெரிசலும் வர வேண்டும். நேரம் இல்லாமல் தேதி மட்டும் போட்டால் ஒரே நாளில் நடந்த இரண்டு செயல்களில் எது முந்தியது என்று தெரியாது. எக்செல் தேதிக் குழப்பம் தனி ரகம்: 04/06 என்பது ஒரு கணினியில் ஜூன் 4, இன்னொன்றில் ஏப்ரல் 6. பில் வருவதற்கு முன்பே பணம் போனதாகத் தெரியும். இந்தப் பிழையை மட்டும் வேண்டுமென்றே இருபது வரிசையில் விட்டுவைப்பது நல்லது. வேலையில் கிடைக்கும் தரவும் இப்படித்தான் இருக்கும்.

இரட்டை பில்லும் அதே மாதிரி. ஸ்கேன் செய்த ஒருவர் 'அம்/0417' என்று அடித்திருப்பார், மெயிலில் வந்ததை இன்னொருவர் 'அம்-417' என்று பதிந்திருப்பார். கணினிக்கு இரண்டும் வேறு. சாய்கோடு, இடைக்கோடு, முன்னால் நிற்கும் சுழியம் மூன்றையும் நீக்கி, வெண்டர் எண், தேதி, தொகை சேர்த்து ஒப்பிட்டால் சிக்கும். எக்செல் சூத்திரம் இரண்டே இரண்டு. பைதான் தெரிந்த மாணவர்கள், நிகழ்வுப் பதிவை ஆராயும் பிஎம்4பை நூலகத்தில் பதிவை ஏற்றிப் பாதைகளைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு பிவட் டேபிள் போதும். விலையுயர்ந்த மென்பொருள் வாங்காததால் இந்தத் தாள் எங்கும் தடைபடாது.

எண்ணிக்கையில் ஏமாறுவது

நேர்முகத் தேர்வில் ஒரு கணக்கு கேட்டுப் பாருங்கள். 100 பில், பில்லுக்கு 20 புலம் (நிரப்ப வேண்டிய கட்டம்). பத்து வெவ்வேறு பில்களில் ஒவ்வொரு பிழை. தரம் எவ்வளவு? புலக் கணக்கில் 2,000-க்கு 10, அதாவது 99.5 சதவீதம். பில் கணக்கில் 90. எஸ்எல்ஏ-யில் (வாடிக்கையாளரோடு போட்ட சேவைத் தர ஒப்பந்தத்தில்) எந்தக் கணக்கு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் '99 சதவீதத்துக்கு மேல்' என்று அறிக்கை அனுப்பும் டீம் லீட், அடுத்த மாத ரிவ்யூவில் மாட்டுவார்.

இன்னொன்று, இப்போது வேலைத் தளத்தில் அடிக்கடி சண்டை கிளப்புவது. ஒரு ஆளுக்கு நாளில் 450 நிமிடம் வேலை நேரம். ஒழுங்கான பில்லுக்கு 6 நிமிடம், சிக்கலானதற்கு 18. பத்தில் ஆறு ஒழுங்கு, நாலு சிக்கல் என்றால் சராசரி 10.8 நிமிடம், நாளைக்கு 41 பில் முடிப்பார். தன்னியக்கம் வந்து ஒழுங்கானவற்றை எடுத்துக்கொண்டது. அவர் கைக்கு வருவது சிக்கல் மட்டும். நாளைக்கு 25-தான் முடியும். பழைய இலக்கை வைத்துப் பார்ப்பவருக்கு இவர் சோம்பேறியாகிவிட்டார். அவரோ முன்பைவிடக் கடினமான வேலை செய்கிறார். இந்தக் கணக்கைப் போட்டு மேலாளருக்கு அரைப் பக்கத்தில் எழுதத் தெரிந்த பட்டதாரியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதை வேலை விளம்பரத்தில் எழுதத்தான் யாருக்கும் வரவில்லை.

தேங்கும் வேலையை அளப்பதும் இதோடு சேரும். க்யூவில் 960 பில், நாளைக்கு 120 முடிகிறது என்றால் இன்று வருவது எட்டாம் நாள்தான் முடியும். லிட்டில் விதி என்று பெயர் சொல்லி நிறுத்தாமல், க்யூ திரையின் மாதிரியைக் காட்டிக் கேட்க வேண்டும்.

மெயில்

'கம்யூனிகேஷன்' என்று நிறுவனங்கள் புலம்புவதை உச்சரிப்பு வகுப்பாகப் புரிந்துகொள்வதால் கல்லூரிகள் நிறைய நேரத்தை இழக்கின்றன. பேயபிள் வேலையில் ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்தில்தான். மாணவர் எழுதுவது: 'பில்லில் பிரச்சினை உள்ளது, தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.' பையர் அதைத் திறந்து மூடிவிடுவார். வேலை நடக்கும் மெயிலில் இருப்பது: பிஓ எண், பில் எண், பில் 500-க்கு, ஜிஆர்என் 480-க்கு, வித்தியாசம் ₹5,664, கிரெடிட் நோட்டா, மாற்றுச் சரக்கா என்று ஒரு வார்த்தை பதில் வேண்டும், சப்ளையர் சிறு நிறுவனம் என்பதால் ஆட்சேபம் ஜூன் 18-க்குள் எழுத்தில் போக வேண்டும், ஆகவே 12-க்குள் பதில் தேவை. நாலு வரி. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் இதை முதலில் தமிழில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் அடித்தால், இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் மெயில் வேலை செய்யும். தமிழிலேயே எழுத வரவில்லையென்றால் அவருக்கு பில் புரியவில்லை என்று அர்த்தம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அதற்கு மருந்தாகாது.

க்ளெய்ம் வேலைக்கும் இதே அச்சு பொருந்தும். சென்னையில் அமெரிக்க மருத்துவ பில்லிங் பெரிய துறை; ஏஆர் காலர்கள் (காப்பீட்டு நிறுவனத்தைப் போனில் அழைத்து வரவேண்டிய பணத்தைக் கேட்பவர்கள்) இரவு ஷிஃப்டில் கேட்பது பணம் வராத க்ளெய்மைப் பற்றி மட்டுமே. மறுப்புக் குறி 16 என்றால் விவரம் குறைவு, 18 இரட்டை க்ளெய்ம், 29 கெடு தாண்டியது, 197 முன் அனுமதி இல்லை. அமெரிக்க அரசின் காப்பீடான மெடிக்கேர் என்றால் க்ளெய்ம் போட சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு கெடு. பில்லுக்குப் பதில் க்ளெய்ம், ஜிஆர்என்-க்குப் பதில் மருத்துவக் குறிப்பு என்று மாற்றினால் அதே மாதிரி 300 க்ளெய்ம் கொண்ட பதிவை இங்கேயும் உருவாக்கலாம். ஒரே பருவத்தில் இரண்டையும் நடத்தாதீர்கள், இரண்டும் அரைகுறையாகும்.

ஒப்புதல், ஆள், தேர்வு

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் பெரும்பாலும் ஆளெடுக்கும் எச்ஆர் வந்து உட்கார்வார். அவர் நல்லவர்தான், ஆனால் பில் நின்ற காரணம் அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டியது ப்ராசஸ் ட்ரெய்னரை அல்லது குவாலிட்டி லீடை. அவரிடம் 'எங்கள் மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்டால் மறுபடி கம்யூனிகேஷன் என்பார். 'புதிய பேட்ச் முதல் மாதத்தில் செய்யும் பிழைகளில் முதல் பத்து வகை எவை?' என்று கேளுங்கள். பிழை வகைப் பட்டியலில் வாடிக்கையாளர் ரகசியம் எதுவும் இருக்காது, தர முடியும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் கீழ் இயங்கும் கல்லூரிக்குக் கையில் இருப்பது உள்மதிப்பீட்டின் 25 மட்டும். அதை அசைன்மென்ட், செமினார் என்று சிதறவிடாமல் ஒரே பதிவுப் பயிற்சிக்குக் கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டலாம். 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் வகுப்புகளை இதனுடன் இணைத்தால் நேரமும் கிடைக்கும். அனுபவம் உள்ள ஒருவரைப் பகுதி ஆசிரியராக எடுக்க யுஜிசி-யின் 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' விதியும் இருக்கிறது.

ஆசிரியரைக் கோடை விடுமுறையில் நிறுவனத்துக்கு அனுப்புவது எல்லோரும் சொல்லும் யோசனை. அனுப்பினால் தளத்தின் கதவு வரைதான் போவார். கைப்பேசி, பேனா, காகிதம் எதுவும் உள்ளே போகாத இடங்கள் உண்டு, வாடிக்கையாளர் திரையைக் காட்டவும் மாட்டார்கள். பயிற்சி அறையில் மறைப்பு செய்த எஸ்ஓபி, தணிக்கைத் தாளின் வடிவம், மணிக்கொரு முறை மாறும் க்யூ பலகை: இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு போனால் நாலு நாள் போதும். கேட்காமல் போனால் இரண்டு வாரமும் வரவேற்பறைக் காபிதான்.

தேர்வுக்கு ஒரு கேள்வியின் வடிவம்: பிஓ, ஜிஆர்என், பில், வெண்டர் மாஸ்டர் நகல் நான்கும் இணைப்பாக. 10 மதிப்பெண். நின்ற காரணத்துக்கு 2, சரியான தொகைக்கு 2, யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு 2, கெடுத் தேதிக்கு 2, நாலு வரி மெயிலுக்கு 2. தொகை சரியாக வந்து தேதி தவறினால் 8 கிடைக்கும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வேலையிலும் அப்படித்தான், தொகையைச் சரியாகப் பிடித்தவரைத் தேதி பார்க்கப் பழக்குவது சுலபம். விடைத்தாள் திருத்துவோருக்குக் கேள்வியோடு முழு விடையும் போக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

ஒரு பேட்ச் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆனதும் ட்ரெய்னரிடமிருந்து பிழை வகைப் பட்டியலை மறுபடி வாங்கி, பருவத் தேர்வின் கேள்விவாரி மதிப்பெண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். தேர்வில் எல்லோரும் சரியாகப் போட்ட வகை அங்கே முதல் பத்தில் நின்றால், அந்தக் கேள்வியைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.